செட்டாப் பாக்ஸின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

2022 நவம்பர் மூன்றாவது வாரத்தில், தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் சந்தாதாரர்கள் லட்சக்கணக்கானோர் வீட்டில் டிவி நின்றுபோனது. புயலடித்துக் கம்பங்கள் சாயவில்லை. கட்டுப்பாட்டு அறைகளின் டிஷ் ஆன்டெனாக்களில் கோளாறில்லை, தெருவில் ஓடும் கேபிளிலும் கோளாறில்லை, வீட்டுச் செட்டாப் பாக்ஸ்களும் பழுதாகவில்லை. பெட்டிகளுக்கு அனுமதி கொடுக்கிற மென்பொருள் முடங்கியதால் எல்லாமே முடங்கின. அந்த மென்பொருளைக் கையாண்ட தனியார் நிறுவனத்துக்கும் அரசு நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கு காவல்துறைப் புகார் வரை போனது. சேவை உடனே திரும்பவில்லை. டிவி பார்த்தே ஆக வேண்டியவர்கள் வேறு நிறுவனத்தின் பெட்டியை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டி பரணுக்குப் போனது. கட்சிகள் அதை அறிக்கைப் போராக்கிச் சில நாட்களில் மறந்துவிட்டன. ஆனால் அந்த நிகழ்வு எழுப்பிய கேள்வி இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரு நல்ல கருவியை, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சண்டை எப்படிக் குப்பையாக்க முடிகிறது? பெட்டியையும் அதன் பூட்டையும் ஒன்றாக வார்த்து விற்கும் முறையில்தான் இதற்கான காரணம் இருக்கிறது. அவற்றைப் பிரிக்க வேண்டும். பூட்டு நிறுவனத்தின் கையில் இருக்கட்டும். பெட்டி பார்ப்பவரின் சொத்தாக, எந்த நிறுவனத்துடனும் சேர்ந்து வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த வாதம் புரிய வேண்டுமானால் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கட்டணச் சேனலின் படமும் ஒலியும் கலைக்கப்பட்ட நிலையில்தான் வீட்டுக்கு வருகின்றன. அவற்றை ஒழுங்குபடுத்த ஒரு ரகசிய எண் தேவை. பெரும்பாலான முறைகளில் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை அது மாறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணும் ஒளிபரப்போடு சேர்ந்தே வருகிறது, இன்னொரு பூட்டுக்குள் அடைபட்டு. அந்தப் பூட்டைத் திறப்பது ஸ்மார்ட் கார்டு. கார்டு இல்லாத பெட்டிகளில் உள்ளே பதித்த மென்பொருள். இந்தக் கார்டுக்கு இந்த மாதம் இந்தச் சேனலைத் திறக்கும் உரிமை உண்டா என்ற தகவல் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவ்வப்போது அனுப்பப்படும். பணம் கட்டிய பிறகும் படம் வராதபோது கேபிள்காரரைக் கூப்பிட்டு, "ஒரு ரீபிரஷ் அடிச்சு விடுங்க" என்கிறோமே, அது இந்தத் தகவலை மறுபடி அனுப்பச் சொல்வதுதான். ஆக, ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சிக்னலைப் பிடிப்பதும் படமாக்குவதும் ஒரு வேலை. உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே பொதுத் தரத்தில் அது நடக்கிறது. உரிமையைச் சரிபார்ப்பது இன்னொரு வேலை. அது மட்டுமே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இந்த இரண்டாவது வேலைக்காக முதல் வேலைக்குரிய வன்பொருள் முழுவதையும் அடமானம் வைத்திருக்கிறோம்.

டிவி தெரியவில்லை என்றால் காரணம் எத்தனையோ இருக்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவமழை கனத்துப் பெய்யும்போது கேயூ அலைவரிசை சிக்னல் நலிந்து, டிடிஎச் படம் கட்டம்கட்டமாக உடையும். மழை விட்டதும் தானாகச் சரியாகும். டிஷ் முனையிலுள்ள எல்என்பிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், கனெக்டர் துருப்பிடித்திருக்கலாம், அடாப்டர் எரிந்திருக்கலாம். இவை எல்லாம் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் கூடிய கோளாறுகள். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கல் பாதிப்பால் சன் டைரக்ட் சேவை தடைபட்டபோதுகூட, அந்த நிறுவனம் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது. டிஷ்ஷை அந்தத் திசைக்குத் திருப்பியதும் பழைய பெட்டியே ஓடியது. விண்வெளியில் நேர்ந்த பழுதைக் கூரைமேல் ஏறிச் சரிசெய்ய முடிந்தது. அனுமதி மறுப்பால் வரும் இருட்டை அப்படிச் சரிசெய்ய முடியாது. கேபிள்காரர், மெக்கானிக், பொறியியல் படித்த பார்வையாளர், யார் வந்தாலும் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆக்டிவேஷன் போனால் பெட்டி வெறும் பிளாஸ்டிக்.

கொங்கு நாட்டில் இது கூடுதலாகவே உறுத்த வேண்டிய விஷயம். ஒரு பொருளைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதைப் புரிந்துகொண்டு, அதைவிட நன்றாகச் செய்வதுதான் கோவையின் தொழில் வரலாறு. பம்ப்செட்டும் மோட்டாரும் வெட் கிரைண்டரும் இந்த ஊரின் பெயரைச் சுமந்து வெளியே போனது அந்தப் பழக்கத்தால்தான். கிணற்று மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தர பொள்ளாச்சியிலும் கோபியிலும் தாராபுரத்திலும் பட்டறை இருக்கிறது. மோட்டார் ஒரு நிறுவனத்துடையது, பம்ப் இன்னொன்றுடையது, ஸ்டார்ட்டர் மூன்றாவது ஒன்றுடையது என்றாலும் தண்ணீர் வருகிறது. இணைப்புகளின் அளவு பொதுவாக இருப்பதால் சிறு தொழில்கள் வாழ்கின்றன, வாங்குபவருக்கு விலையும் குறைகிறது. தெருவுக்குத் தெரு இருந்த டிவி மெக்கானிக் கடைகளும் அப்படித்தான் பிழைத்தன. செட்டாப் பாக்ஸ் வந்தபின் அந்தக் கடைகளின் வேலையில் பாதி பறிபோனது. பெட்டியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்தப் பெட்டிகளை நாம் விரும்பி வாங்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி கட்டாயமானது. பிறகு 2011இல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் டிஜிட்டல் முறைக்கு மாறும்படி உத்தரவானது. இரண்டாம் கட்டத்தில் இடம்பெற்ற 38 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து கோவை இருந்தது. கெடு 2013 மார்ச் 31. சிற்றூர்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச் வரை நீண்டது. அரசு கேபிள் நிறுவனத்தின் கதையும் இதோடு பின்னியது. 2007இல் தொடங்கப்பட்டு, முதலில் அமைந்த நான்கு கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்றைக் கோவையில் வைத்த நிறுவனம் அது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை என்று மறுபிறவி எடுத்தது. 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்று இலவசப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இலவசம் என்றாலும் அது பொதுப்பணம். கேபிளில் தனியாரின் ஆதிக்கத்தை உடைக்கத் தொடங்கிய நிறுவனமே, தன் பெட்டிகளின் சாவியை வேறொருவர் கையில் விட்டிருந்ததுதான் 2022இன் துயரம். பார்வையாளருக்கு மட்டுமல்லாமல் அரசுக்கும் அந்தப் பூட்டு பொருந்தியது என்பதை அன்று கண்டோம்.

இதே பூட்டைச் சுற்றி இன்னொரு உலகமும் உருவாகியிருக்கிறது. கார்டு ஷேரிங் என்று அதற்குப் பெயர். பணம் கட்டிய ஒரே கார்டை ஒரு சர்வரில் வைத்து, அது திறந்து தரும் ரகசிய எண்ணை இணையம் வழியாகப் பலருடைய ரிசீவர்களுக்கு அனுப்புவது. ஐரோப்பாவில் இது பெரும் நிழல் வணிகமாக வளர்ந்தது. அந்த எண் சில விநாடிகளில் காலாவதியாவதால், இணையம் கொஞ்சம் தாமதித்தாலும் படம் உறைந்துவிடும். ஒரு கார்டிடம் அளவுக்கு மீறிக் கேட்டால் அது திணறும். மலிவுக்கு ஆசைப்பட்டுப் பணம் கொடுத்தவர் முறையிட ஓரிடமும் இல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். இதை நான் நியாயப்படுத்தவில்லை. படம் எடுத்தவர், ஆட்டத்துக்கு உரிமை வாங்கியவர், ஒழுங்காகச் சந்தா கட்டும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் ஏமாற்றும் வேலை அது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அது இருக்க வேண்டிய சட்டம்தான். ஆனால் அந்தத் திருட்டு நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். பெட்டி எந்த நிறுவனத்துடையது என்பது அதற்கு ஒரு தடையாகவே இருந்ததில்லை. திருடு போவது கார்டு வெளியிடும் எண். பெட்டியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்த எண் எல்லாச் சந்தாதாரருக்கும் ஒன்றுதான். திருடர்களைத் தடுக்கவே பெட்டிகளைப் பூட்டியிருக்கிறோம் என்ற விளக்கம் இங்கே வலுவிழக்கிறது. ஒழுங்காகப் பணம் கட்டி, அடுத்த மாதம் வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவரைத்தான் அந்தப் பூட்டு உறுதியாகத் தடுத்திருக்கிறது.

திருட்டையும் நியாயமான விருப்பத்தையும் பிரித்துப் பார்க்க நீதிமன்றங்களால் முடிந்திருக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கூடம் நடத்திய கேரன் மர்பி, உள்ளூர் நிறுவனத்தின் அதிகக் கட்டணத்தைத் தவிர்க்க, கிரேக்க நிறுவனத்தின் கார்டை வாங்கிக் கால்பந்து காட்டினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. காசு கொடுத்து முறையாக வாங்கிய வெளிநாட்டுக் கார்டு 'சட்டவிரோதச் சாதனம்' ஆகாது என்று 2011 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு அவர்மீதான தண்டனையும் ரத்தானது. பணம் கட்டாமல் பார்ப்பது வேறு, பணம் கட்டும் இடத்தைத் தேர்ந்துகொள்வது வேறு. நம் ஊரில் இரண்டாவதுக்கு வழியே வைக்காமல் முதலாவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவில் இதற்கான விதி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2001இல் மத்திய அரசு வெளியிட்ட டிடிஎச் உரிம வழிகாட்டுதல்களே, பெட்டி திறந்த வடிவமைப்பில், வெவ்வேறு நிறுவனங்களுக்கிடையே மாற்றிப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்றன. நடைமுறையில் பெட்டியில் ஒரு துளை வைத்து, அதில் வேறு நிறுவனத்தின் பூட்டு அடங்கிய தொகுதியை (மாட்யூல்) செருகிக்கொள்ளலாம் என்ற அளவில் விதி நிறைவேறியது. அந்தத் தொகுதியைக் கடையில் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் புதுப் பெட்டியே அதைவிட மலிவு. காகிதத்தில் உரிமை இருந்தது, கைக்கு வரவில்லை. பிறகு 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லாப் பெட்டிகளும் மாற்றிப் பயன்படுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே பரிந்துரைத்தது. யுஎஸ்பி வடிவிலான சிறு தொகுதியில் பூட்டை வைத்துவிட்டுப் பெட்டியைப் பொதுவாக்கலாம் என்று தொழில்நுட்பத் தரத்தையும் அது குறிப்பிட்டது. கேபிளுக்குள் கேபிள், டிடிஎச்சுக்குள் டிடிஎச் என்று எல்லையையும் நடைமுறைக்கு ஏற்றபடியே வகுத்தது. அந்தப் பரிந்துரை வீடுகளுக்கு வந்து சேரவில்லை. 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம், டிவிக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் வைப்பதற்கான ஐஎஸ் 18112 தரத்தை வெளியிட்டது. இலவசச் சேனல்களுக்குத் தனிப் பெட்டி தேவையில்லாத காலம் வரும் என்பதற்கான நல்ல முதல் அடி அது. கட்டணச் சேனலின் பூட்டை மட்டும் சின்னத் தொகுதியாக அந்த டிவியில் செருக முடிந்தால் பரணில் பெட்டிகள் சேராது.

எதிர்வாதங்களில் வலுவானது அமெரிக்க அனுபவம். அங்கே 1996 சட்டத்தின் வழியே கேபிள்கார்டு என்ற முறை வந்தது: பூட்டு தனிக் கார்டில், பெட்டி எவருடையதாகவும் இருக்கலாம். 2007 ஜூலையிலிருந்து கேபிள் நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளிலும் அந்தக் கார்டையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஆனாலும் மிகக் குறைவான மக்களே சொந்தப் பெட்டி வாங்கினார்கள். 2020இல் விதியே கைவிடப்பட்டது. அங்கே தோற்றது இங்கே எப்படி வெல்லும் என்று கேட்பது நியாயமான கேள்வி. அங்கே கார்டைப் பொருத்தித் தரும் வேலையே, அதனால் வருமானம் இழக்கும் நிறுவனங்களிடம் விடப்பட்டிருந்தது. அவை ஆர்வமாகச் செய்யாததில் வியப்பில்லை. கடையில் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் இருவழித் தொடர்பைக் கையாளவில்லை, அதனால் வேண்டும்போது பார்க்கும் சேவைகள் சொந்தப் பெட்டியில் வரவில்லை. இந்தியாவில் கேபிளும் டிடிஎச்சும் பெரும்பாலும் ஒருவழி ஒளிபரப்புதான்; அந்தச் சிக்கல் இங்கே சிறியது. ஐரோப்பாவில் டிவியிலேயே பொது இடைமுகம் வைக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், தனிப்பெட்டி இல்லாமல் தொகுதியை மட்டும் வாங்கிச் செருகிப் பார்ப்பது பல நாடுகளில் சாதாரண விஷயம். நம் நாட்டிலேயே 2011 ஜனவரியில் கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தபோது, இது நடக்காது, செலவு அதிகம் என்று சொன்னவர்கள் உண்டு. ஒழுங்குமுறை அமைப்பு விடாப்பிடியாக நின்றதால் அது நடந்தது.

பாதுகாப்பு குறையும் என்பது இன்னொரு வாதம். பழைய பொது இடைமுகத்தில் இந்தக் குறை உண்மையிலேயே இருந்தது. தொகுதியிலிருந்து வெளிவரும் படம் பூட்டில்லாமல் வந்ததால் எளிதாகப் பிரதியெடுக்கலாம். அதைச் சரிசெய்யத்தான் தொகுதிக்கும் டிவிக்கும் இடையிலான பாதையையும் பூட்டும் புதிய தரம் உருவானது. டிராய் பரிந்துரைத்தது அந்தப் புதிய வரிசையைத்தான். செலவு பற்றிச் சொல்பவர்களிடம் ஒன்றைக் கேட்கலாம்: தொகுதி விலை உயர்ந்திருப்பது ஏன்? வாங்குவோர் இல்லாததால். ஒரு மாநில அரசு நிறுவனமே லட்சக்கணக்கில் கேட்டால் விலை என்னாகும் என்பதை வெட் கிரைண்டர் செய்யும் எவரும் சொல்லிவிடுவார்.

எல்லோரும் கைபேசிக்குப் போய்விட்டார்கள், பெட்டியைப் பற்றி இப்போது எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். கட்டண டிடிஎச் சந்தாதாரர் எண்ணிக்கை ஒருகாலத்தில் 7 கோடியைத் தொட்டு, இப்போது 6 கோடிக்குக் கீழே இறங்கியிருப்பது உண்மை. கேபிளும் சுருங்குகிறது. அதனால்தான் இது அவசரமாகிறது. சுருங்கும் சந்தையில் நிறுவனங்கள் மூடப்படும், இணையும், கைமாறும். ஒவ்வொரு முறையும் அவற்றின் பெட்டிகள் மொத்தமாகச் செத்துப்போகும். வால்பாறை எஸ்டேட் லயன்களிலும், ஆசனூர் பக்கத்து மலைக் கிராமங்களிலும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட காங்கேயம் தோட்டத்து வீடுகளிலும் டிவி இன்னும் முக்கியமான துணை. வயதானவர்களுக்கு ரிமோட்டில் இரண்டு பொத்தான்தான் பழக்கம். வேகமான இணையத்துக்கு மாதாமாதம் செலவழிக்க முடியாதவர்களும் அவர்களே. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊர் மாறி, அறை மாறி வாழ்கிறவர்களுக்கு, வேறு இணைப்புக்கு மாறும்போதும் கூடவே வரக்கூடிய பெட்டி பெரிய உதவி.

மத்திய நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. வீட்டு உபயோகப் பொருள் என்றால் டிவியோடு அதன் பெட்டியும் சேர வேண்டும். அனுமதி மறுப்பால் செயலிழப்பதும் ஒரு பழுதாகக் கணக்கிடப்பட வேண்டும். ஆனால் டெல்லியின் முடிவுக்காகத் தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. எச்.டி. பெட்டிகளை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் அரசு கேபிள் நிறுவனம், தான் வாங்கும் ஒவ்வொரு பெட்டியிலும் பூட்டு தனித் தொகுதியாக இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். அனுமதி மென்பொருளின் முழுப் பிரதியும் சாவிகளும் நிறுவனத்தின் வசமோ, நடுநிலையான ஒரு பொறுப்பாளர் வசமோ இருக்க வேண்டும். ஒப்பந்ததாரருடன் தகராறு வந்தாலும் மறுநாள் வேறொருவர் அதை இயக்க முடிய வேண்டும். பெங்களூரில் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட ஐகாஸ் போன்ற முறைகள் இருக்கும்போது இதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்டக் கேபிள் ஆபரேட்டர் சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்வது அவர்களுக்கும் நல்லது. 2022இல் வீடுவீடாகப் போய்ப் பதில் சொல்லி நின்றவர்கள் அவர்கள்தான். அடுத்த கொள்முதல் அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே சட்டமன்றத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கொங்கு மண்டலத்தின் உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.